பழைய வங்கிக் கட்டடங்களுக்கு முகப்பு மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு ஊர்களில் வங்கிக் கிளைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவருவது பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். பணம் எடுப்பதற்கும் காசோலை செலுத்துவதற்கும் அடுத்த ஊருக்குப் போக வேண்டியிருக்கும் முதியோரின் சிரமத்தையும், அன்றாட வசூலைக் கட்ட இடமின்றித் தவிக்கும் சிறு கடைக்காரர்களின் கவலையையும் கட்டுரையாளர் குறைவின்றி எழுதியிருந்தார். ஆயினும், கிளை வெளியேறிய பின் எஞ்சி நிற்கும் பழைய கட்டடங்களைக் குறித்து அவர் எழுதிய ஒரே ஒரு வாக்கியம் என்னை இக்கடிதம் எழுதத் தூண்டியது. அவற்றின் முகப்புகளுக்குச் சட்டப் பாதுகாப்பு இருப்பதால் வரலாறு எங்கும் போய்விடாது என்ற பொருளில் அவர் எழுதியிருந்தார். விக்டோரியா மாநிலத்தின் பழைய தங்க வயல் ஊர்களுக்கு நடுவே நெடுங்காலமாக வாழ்ந்துவருபவன் என்ற முறையிலும், உள்ளூர் வரலாற்றுச் சங்கமொன்றின் உறுப்பினன் என்ற முறையிலும் இக்கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. இவ்வூர்களின் வங்கிக் கட்டடங்களுக்குள்ள வரலாற்றில் பெரும்பகுதி முகப்புக்குப் பின்னால்தான் இருக்கிறது. அந்தப் பகுதிக்குப் பெரும்பாலான இடங்களில் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

ஆளுநர் லாக்லன் மக்குவாரியின் காலத்தில், 1817-ல், சிட்னியில் தொடங்கப்பட்ட பேங்க் ஆஃப் நியூ சவுத் வேல்ஸ்தான் இந்நாட்டின் முதல் வங்கி. 1834-ல் கமர்ஷியல் பேங்கிங் கம்பெனி ஆஃப் சிட்னியும், அதையடுத்த சில ஆண்டுகளில் லண்டன் மூலதனத்தோடு பேங்க் ஆஃப் ஆஸ்திரலேஷியா, யூனியன் பேங்க் ஆகியவையும் வந்தன. ஆனால் தொடக்கத்தில் வங்கி என்பது பெரும்பாலும் துறைமுக நகரங்களின் வணிகர்களுக்கும் பெரும் ஆட்டுப் பண்ணையாளர்களுக்கும் உரியதாகவே இருந்தது. 1851-ல் நியூ சவுத் வேல்ஸிலும் விக்டோரியாவிலும் தங்கம் கண்டெடுக்கப்பட்டதும் நிலைமை தலைகீழானது. வெட்டியெடுத்த தங்கத்தை எடைபோட்டு வாங்க யாராவது அங்கேயே இருந்தாக வேண்டும் என்பதால், வங்கிகள் மக்களைத் தேடிச் சுரங்க முகாம்களுக்கே சென்றன. கூடாரத்திலும் மரப்பலகைக் குடிசையிலும் ஒரு தராசும் ஒரு இரும்புப் பெட்டியும் வைத்துக்கொண்டு தொழில் நடந்தது. அந்த ஊர் நிலைக்கும் என்ற நம்பிக்கை பிறந்த பிறகே செங்கல்லும் கருங்கல்லும் வந்தன.

தங்க வயல் வங்கிகள் பலவற்றின் பின்கட்டில் தங்கத்தை உருக்கும் உலை இருந்தது. தெருவில் நடந்து செல்பவர் கண்ணுக்கு அது தென்படாது. விக்டோரியாவின் டனோலி என்ற சிற்றூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1869 பிப்ரவரி 5-ஆம் நாள், அதன் அருகிலுள்ள மோலியாகலில் ஜான் டீசன், ரிச்சர்ட் ஓட்ஸ் என்ற இரு சுரங்கத் தொழிலாளர்கள் மண்ணுக்கடியில் சில அங்குல ஆழத்தில் ‘வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்’ என்ற தங்கக் கட்டியைக் கண்டெடுத்தனர். ஏறத்தாழ 70 கிலோ எடையுள்ள அக்கட்டியை டனோலியின் லண்டன் சார்ட்டர்டு வங்கிக்குக் கொண்டுவந்தபோது, அதை எடைபோடும் அளவுக்குப் பெரிய தராசு அங்கே இல்லை. கொல்லர் ஒருவர் பட்டறைக் கல்லில் வைத்து அதைத் துண்டுகளாக உடைத்த பிறகுதான் வங்கியால் வாங்க முடிந்தது. இத்தகைய செய்தியை எந்த முகப்பும் சொல்லாது. எடைமேடை எங்கே இருந்தது, உலை எங்கே இருந்தது, தங்கம் எந்த வாசல் வழியாக உள்ளே வந்து எந்த அறையில் பூட்டப்பட்டது என்பதையெல்லாம் உட்புற அமைப்புதான் சொல்லும்.

முகப்புக்கு மதிப்பில்லை என்று நான் சொல்லவரவில்லை. அக்காலத்தில் முகப்பு என்பது வெறும் அலங்காரமாக இருக்கவில்லை. 1910-ல் ஆஸ்திரேலிய நோட்டுச் சட்டம் வரும்வரை தனியார் வங்கிகள் தத்தம் பெயரிலேயே நோட்டு அச்சிட்டு வெளியிட்டன. இன்று வைப்புத்தொகைக்கு அரசு அளிக்கும் உத்தரவாதம் போன்ற எதுவும் அன்று கிடையாது. கம்பளி விற்ற பணத்துக்கு ஈடாக ஒரு காகிதத்தைக் கையில் வாங்கும் பண்ணையாளருக்கு, அந்தக் காகிதத்தின் பின்னால் அசையாத ஏதோ ஒன்று நிற்கிறது என்ற நம்பிக்கையை அளிக்க வேண்டியிருந்தது. ஆகவேதான் சில நூறு பேர் மட்டுமே வாழ்ந்த ஊர்களில்கூட இத்தாலிய மாளிகைகளின் சாயலில் வளைவு சன்னல்களும் தூண்களும் கார்னிஸ் எனப்படும் கனத்த கூரையோர வேலைப்பாடுகளும் கொண்ட கட்டடங்கள் எழுந்தன. விக்டோரியாவில் இத்துறையில் முதன்மையானவராக விளங்கிய கட்டடக் கலைஞர் லியோனார்ட் டெரி. அவர் வரைந்த வங்கிகளை இன்றும் பல்லாரட்டின் லிடியார்ட் தெருவில் அடுத்தடுத்துக் காணலாம். நியூ சவுத் வேல்ஸில் ஜார்ஜ் ஆலன் மான்ஸ்ஃபீல்டு அத்தகையவர். குயின்ஸ்லாந்தின் வெப்ப வடக்கில் கதை வேறு. கார்ப்பென்டாரியா வளைகுடாவை ஒட்டிய நார்மன்டனில் பேங்க் ஆஃப் நியூ சவுத் வேல்ஸ் தன் கிளையை மரத்தால் கட்டியது. வெயிலும் மழையும் அங்கே இத்தாலியப் பாணியை விட்டுவைக்கவில்லை. கல்லும் சுண்ணாம்பும் சொன்ன அதே உறுதியை அகன்ற வராந்தா சொல்ல வேண்டியிருந்தது.

நான் வலியுறுத்த விரும்புவது இனிமேல் வருவது. நாட்டுப்புற வங்கிக் கட்டடம் என்பது அலுவலகம், வீடு, கோட்டை ஆகிய மூன்றும் ஒரே கூரையின் கீழ் அமைந்த ஒன்று. முன்பக்கம் பொதுமக்கள் வந்துபோகும் கூடம். அதை ஒட்டி மேலாளரின் அறை. நடுவில், வெளிச்சுவர்களிலிருந்து தள்ளி, தடித்த செங்கல் சுவரும் வளைந்த செங்கல் கூரையும் கொண்ட பெட்டக அறை, வங்கி ஊழியர் வழக்கில் ஸ்ட்ராங் ரூம். பின்புறத்திலோ மாடியிலோ மேலாளரின் குடும்பம் வாழ்ந்த வீடு. அதற்கும் பின்னால் சமையற்கட்டு, குதிரை லாயம். குடும்பத்தினர் வந்துபோக வேறொரு பக்கவாசல் உண்டு. திருமணமாகாத இளநிலை எழுத்தர்கள் காவலுக்காக வங்கிக்குள்ளேயே படுத்துறங்குவது வழக்கம். சம்பளம் ஒரு குறிப்பிட்ட அளவை எட்டும்வரை வங்கியின் அனுமதியின்றித் திருமணம் செய்துகொள்ளவும் அவர்களுக்குத் தடை இருந்தது. அவர்கள் படுத்திருந்த இடுக்கான அறை சில கட்டடங்களில் இன்னமும் இருக்கிறது. அதன் கதவு எதைப் பார்த்துத் திறக்கிறது என்பதைக் கவனித்தால் போதும். பெட்டகத்தின் கதவைப் பார்த்துத் திறக்கும்.

வீடும் வங்கியும் எவ்வளவு நெருக்கமாகப் பிணைந்திருந்தன என்பதற்கு, இந்நாட்டுப் பள்ளிக் குழந்தைகளும் அறிந்த கெல்லி கும்பலின் கொள்ளைகளே சான்று. 1878 டிசம்பரில் யூரோவாவின் நேஷனல் வங்கியை அவர்கள் கொள்ளையிட்டபோது, பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போக இயலவில்லை. மேலாளரின் மனைவி, குழந்தைகள், மாமியார், வீட்டுப் பணியாளர்கள் எல்லோரும் அதே கட்டடத்தில் இருந்ததால், அவர்கள் அனைவரையும் வண்டிகளில் ஏற்றி ஊருக்கு வெளியேயுள்ள பண்ணைக்குத் தம்முடன் அழைத்துச் செல்ல வேண்டியதாயிற்று. இரண்டு மாதங்கள் கழித்து ஜெரில்டெரியில் பேங்க் ஆஃப் நியூ சவுத் வேல்ஸுக்குள் புகுந்தபோது, மேலாளர் குளியல் தொட்டியில் இருந்தார். நீண்ட குதிரைப் பயணம் முடித்து வந்து குளித்துக்கொண்டிருந்தவரை அங்கேயே பிடித்தார்கள். பக்கத்திலேயே இருந்த ராயல் மெயில் ஹோட்டலில்தான் ஊராரை அடைத்துவைத்தார்கள். வங்கிக் கூடத்திலிருந்து குளியலறைக்கு எத்தனை அடி, ஹோட்டலுக்கு எத்தனை அடி என்பது தெரிந்தால்தான் அந்நாள் நிகழ்வுகளே நமக்கு விளங்கும். கட்டடத்தின் தளவமைப்பு இங்கே ஆவணத்துக்குச் சமம்.

1880-களின் நில விலை உயர்வுக் காலத்தில் வங்கிகள் போட்டிபோட்டுக்கொண்டு கிளை திறந்தன. ஒரே தெருவில் மூன்று, நான்கு வங்கிகள் எதிரெதிரே நின்ற ஊர்கள் உண்டு. 1893 ஏப்ரல், மே மாதங்களில் அந்த ஏற்றம் சரிந்தது. கமர்ஷியல் பேங்க் ஆஃப் ஆஸ்திரேலியா, நேஷனல் பேங்க், இங்கிலீஷ் ஸ்காட்டிஷ் அண்ட் ஆஸ்திரேலியன் சார்ட்டர்டு பேங்க், கமர்ஷியல் பேங்கிங் கம்பெனி ஆஃப் சிட்னி என ஒன்றன்பின் ஒன்றாக வங்கிகள் பணம் கொடுப்பதை நிறுத்திவைத்தன. மாளிகை போன்ற அந்த முகப்புகள் அன்று யாரையும் காப்பாற்றவில்லை. தன் சேமிப்பு முடங்கிப்போன ஒரு சிறு விவசாயி அந்தப் பெரிய மரக்கதவின் முன் நின்றிருப்பதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. பல வங்கிகள் பின்னர் மறுசீரமைக்கப்பட்டு மீண்டும் திறந்தன. பேங்க் ஆஃப் நியூ சவுத் வேல்ஸ், ஆஸ்திரலேஷியா, யூனியன் போன்ற சிலவே மூடாமல் தாக்குப்பிடித்தன.

அதன் பிறகான கதை, பெயர்ப்பலகைகளின் கதை. டனோலியில் தங்கக் கட்டியை வாங்கிய லண்டன் சார்ட்டர்டு வங்கி 1893-க்குப் பின் லண்டன் பேங்க் ஆஃப் ஆஸ்திரேலியா ஆயிற்று. 1921-ல் இங்கிலீஷ் ஸ்காட்டிஷ் அண்ட் ஆஸ்திரேலியன் வங்கியோடு சேர்ந்தது. 1970-ல் அதுவும் ஏஎன்இசட் வங்கியில் கரைந்தது. அந்த ஏஎன்இசட்டோ 1951-ல் ஆஸ்திரலேஷியாவும் யூனியனும் இணைந்ததால் உருவானது. ஆஸ்திரேலியன் ஜாயின்ட் ஸ்டாக் வங்கி 1910-ல் ஆஸ்திரேலியன் பேங்க் ஆஃப் காமர்ஸ் என மாறி, 1931-ல் பேங்க் ஆஃப் நியூ சவுத் வேல்ஸில் சேர்ந்தது. 1982-ல் அதுவே கமர்ஷியல் பேங்க் ஆஃப் ஆஸ்திரேலியாவை இணைத்துக்கொண்டு வெஸ்ட்பேக் ஆனது. பழைய கட்டடங்களின் நெற்றியில் ஒரு பெயரைச் செதுக்கி எடுத்துவிட்டு அதன்மேல் இன்னொரு பெயரைப் பதித்த தடம், மாலை வெயில் சாய்வாக விழும்போது நன்றாகத் தெரியும். அந்தத் தடத்தைச் சுண்ணாம்பு பூசி மெழுகிவிட்டு, அதையே ‘புதுப்பிப்பு’ என்று சொல்லிக்கொள்வதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

உட்புறத்தை மதித்துக் காத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு குயின்ஸ்லாந்தின் மேரிபரோ நகரில் உள்ளது. அங்கிருந்த ஆஸ்திரேலியன் ஜாயின்ட் ஸ்டாக் வங்கியின் மேலாளருக்கு, வங்கியோடு இணைந்த குடியிருப்பில், 1899-ல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பின்னாளில் ‘மேரி பாப்பின்ஸ்’ எழுதி உலகமே அறிந்த சிறுவர் கதை ஆசிரியையான பி. எல். டிராவர்ஸ்தான் அவர். அந்தக் கட்டடம் இன்று கதை சொல்லும் கலைக்கான அருங்காட்சியகமாக விளங்குகிறது. மேல்மாடி வீடு இடிக்கப்பட்டு முகப்பு மட்டும் விடப்பட்டிருந்தால், அந்நகரத்தார் எதைக் காட்டியிருப்பார்கள்? நியூ சவுத் வேல்ஸின் பெரி ஊரில் உள்ளூர் அருங்காட்சியகம் இயங்குவதும் பழைய வங்கிக் கட்டடம் ஒன்றில்தான். குயின்ஸ்லாந்தின் சார்ட்டர்ஸ் டவர்ஸில் பேங்க் ஆஃப் காமர்ஸ் கட்டடத்தைத் திரையரங்கத்தோடு சேர்த்து அமைத்திருக்கிறார்கள். பிரெய்ட்வுட் ஊர் முழுவதையுமே 2006-ல் நியூ சவுத் வேல்ஸ் அரசு தன் மரபுப் பதிவேட்டில் சேர்த்தது.

எல்லா இடங்களிலும் அவ்வாறு நிகழ்வதில்லை. நான் இரண்டு விதமும் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த தமிழ் மருத்துவர் ஒருவர் எங்கள் வட்டாரத்தில் கைவிடப்பட்ட வங்கிக் கட்டடம் ஒன்றை வாங்கி மருத்துவமனை நடத்திவருகிறார். வேலை தொடங்கும் முன் எங்கள் சங்கத்தாரை அழைத்துக் காட்டினார். அதற்கு நாங்கள் அவருக்கு என்றும் நன்றியுடையோம். கூடத்தின் தரைப்பலகையில் ஒரு நீண்ட கோடு கிடந்தது. கோட்டின் ஒருபுறம் பலகை தேய்ந்து குழிந்து வெளிறியிருந்தது. மறுபுறம் கருமை மாறாமல் இருந்தது. தேய்ந்த பக்கம் வாடிக்கையாளர்கள் நின்ற இடம். கோடு, கவுன்ட்டர் நின்ற இடம். கவுன்ட்டரைத் தேடியபோது அது பின்கட்டுக் கொட்டகையில், இரண்டாக அறுக்கப்பட்டு, பெயின்ட் டப்பாக்கள் அடுக்கும் தட்டாக மாறியிருந்தது. அடிப்புறத்தைத் துடைத்துப் பார்த்தால் நல்ல சிவப்பு சீடர் மரம். காசாளர் நின்ற பக்கத்தில், முழங்கால் உயரத்தில், ஓர் இரும்புக் கொக்கியும் இரண்டு திருகாணித் துளைகளும் இருந்தன. அக்காலத்தில் காசாளர்களுக்கு வங்கியே கைத்துப்பாக்கி கொடுத்துவைத்திருந்தது. அது தொங்கிய இடமாக இருக்கலாம் என்பது சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவரின் கருத்து. மருத்துவர் கவுன்ட்டரைச் செப்பனிட்டு வரவேற்பு மேசையாக வைத்துக்கொண்டார். பெட்டக அறை நோயாளிகளின் கோப்புகளைக் காக்கிறது. தரையின் கோட்டை அவர் மெருகேற்றி அழிக்கவில்லை.

அடுத்த ஊரில் அதே காலத்து வங்கி ஒன்று விற்கப்பட்டபோது, வாங்கியவர்கள் உள்ளே இருந்த அனைத்தையும் பெயர்த்தெடுத்தனர். வாகனம் நிறுத்த வழி வேண்டும் என்பதற்காகப் பெட்டக அறையை இயந்திரம் வைத்து இடித்தார்கள். அதன் சுவர் விழ மூன்று நாட்கள் ஆயின. முகப்பு மட்டும் வெள்ளையடித்து அழகாக நிற்கிறது. சட்டப்படி அதில் எந்தத் தவறும் இல்லை என்பதுதான் எனக்கு மிகவும் வேதனை தருவது.

ஏனெனில், விக்டோரியாவில் ஊராட்சி மன்றங்களின் திட்டமிடல் விதிகளில் ‘ஹெரிட்டேஜ் ஓவர்லே’ என்ற மரபுக் காப்புப் பகுதி ஒன்று உண்டு. அதன் அட்டவணையில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் எதிரே, உட்புற மாற்றங்களுக்கும் அனுமதி தேவையா என்றொரு கட்டம் இருக்கிறது. அக்கட்டத்தில் ‘ஆம்’ என்று எழுதப்பட்டிருந்தால் மட்டுமே உள்ளே கைவைக்க அனுமதி கேட்க வேண்டும். மிகப் பெரும்பாலான கட்டடங்களுக்கு எதிரே ‘இல்லை’ என்றே எழுதப்பட்டிருக்கிறது. மாநில அளவிலான விக்டோரியா மரபுப் பதிவேட்டில் இடம்பெற்ற சில கட்டடங்களுக்கே உட்புறப் பாதுகாப்பு முறையாகக் கிடைக்கிறது. வீடுகள், கடைகள் ஆகியவற்றின் உட்புறங்களில் அரசு தலையிடக் கூடாது என்ற கருத்து பொதுவாக நியாயமானதுதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பெட்டக அறையும் கவுன்ட்டரும் மேலாளர் வீடும் இன்னமும் அப்படியே உள்ள வங்கிக் கட்டடங்கள் எண்ணிக்கையில் குறைவு. அவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து அந்தக் கட்டத்தில் ‘ஆம்’ என்று மாற்றுவது எந்த ஊராட்சி மன்றத்துக்கும் தாங்க முடியாத சுமையாகிவிடாது.

இதில் காலமும் நமக்குச் சாதகமாக இல்லை. 1980-களின் நிதித்துறைத் தளர்வுகளுக்குப் பிறகு, 1990-களில் கிளை மூடல்கள் வேகம்பிடித்தன; 1999-ல் நாடாளுமன்றக் குழு ஒன்று இதைப் பற்றித் தனி அறிக்கையே அளித்தது. 1998-ல் ருபன்யப், மின்யிப் என்ற இரு சிற்றூர்களின் மக்கள் பென்டிகோ வங்கியோடு சேர்ந்து முதல் சமூக வங்கியைத் தொடங்கியது அக்காலத்தின் நல்ல செய்தி. 2017-க்கும் 2023-க்கும் இடையில் மட்டும் பெருநகரங்களுக்கு வெளியே இருந்த கிளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மறைந்தது. இம்மூடல்கள் குறித்து 2023-ல் தொடங்கிய செனட் விசாரணை 2024 மே மாதத்தில் அறிக்கை தந்தது. அதன் பின், 2025 பிப்ரவரியில், நான்கு பெரிய வங்கிகளும் நாட்டுப்புறக் கிளைகளை 2027 ஜூலை 31 வரை மூடுவதில்லை என்று அரசுக்கு உறுதியளித்தன. விசாரணைகளில் பேசப்பட்டது பெரும்பாலும் சேவையைப் பற்றியே, அது இயல்பு. கட்டடங்களைப் பற்றிப் பேச வேண்டிய பொறுப்பு ஊர்களில் இருப்பவர்களுடையது. அந்த உறுதிமொழியின் காலம் முடிந்ததும் இன்னொரு சுற்று விற்பனை வரக்கூடும் என்று நான் அஞ்சுகிறேன்.

ஆகவே தங்கள் நாளிதழின் வாயிலாக மூன்று தரப்பினரை வேண்டிக்கொள்கிறேன். ஊராட்சி மன்ற உறுப்பினர்கள், தத்தம் எல்லைக்குள் உள்ள பழைய வங்கிக் கட்டடங்களை 2027-க்கு முன்பே உள்ளே சென்று பார்த்துப் பதிவுசெய்ய ஒரு மரபு ஆலோசகரை அமர்த்த வேண்டும். வங்கிகள், பழைய கட்டடத்தை விற்கும்போது அதன் மூல வரைபடங்களின் நகல்களையும், தங்கள் ஆவணக் காப்பகங்களில் உள்ள அந்தக் கிளையின் புகைப்படங்களையும் ஊரின் வரலாற்றுச் சங்கத்துக்கு அளிப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். இதனால் அவர்களுக்கு நட்டம் ஏதுமில்லை. மூன்றாவது தரப்பு நம்மவர்கள். மருத்துவமனை, மருந்துக்கடை, உணவகம், கணக்காய்வு அலுவலகம் என்று பல தொழில்களுக்காகத் தமிழ்க் குடும்பங்கள் இந்த ஊர்களுக்கு வந்து, நடுத்தெருவின் பெரிய கட்டடங்களை வாங்கவும் வாடகைக்கு எடுக்கவும் தொடங்கியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்று உங்கள் கைக்கு வந்தால், தச்சரை அழைக்கும் முன்னர் உள்ளூர் வரலாற்றுச் சங்கத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு விடுங்கள். அவர்கள் அளவுநாடாவும் கேமராவும் கொண்டு ஒரே பிற்பகலில் வந்து வேலையை முடித்துவிடுவார்கள். கட்டணம் கேட்க மாட்டார்கள். பெட்டகத்தின் சாவி கிடைத்தால் அதன் மேல் ஓர் அட்டையைக் கட்டி, எந்தக் கதவுக்குரியது என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பூட்டுகளுக்கு மாற்றுச் சாவி செய்வோர் இப்போது அரிது.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
மத்திய விக்டோரியா, ஆஸ்திரேலியா.